தூக்கும் முன் இரண்டு பாட்டில்

நீலகிரியில் குந்தா பக்கத்து எஸ்டேட்டுகளில் என் காலத்தில் பதினைந்து இருபது டிரெஸ்ஸர்கள் இருந்திருப்பார்கள். காயத்தைக் கழுவிக் கட்டுப் போடுகிற வேலையை எல்லாரும்தான் செய்தார்கள். ஆனால் கல்லுக்கும் மண்ணுக்கும் அடியில் ஆள் உயிரோடு கிடக்கும்போதே, அவனை வெளியே எடுப்பதற்கு முன்னால், சேற்றில் குப்புறப் படுத்துக் கையை உள்ளே விட்டு நரம்பில் ஊசி ஏற்றியவன் நான் ஒருவன்தான். இதை நானே சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது. சொல்ல வேறு ஆள் இல்லை.

நம்முடைய பழைய தோட்ட ஊழியர்கள் சங்க ஆண்டு மலருக்கு எழுதித் தரும்படி நாலு வருஷமாகக் கேட்டார்கள். எனக்கு எழுதத் தோன்றவில்லை. போன மழைக்குப் பிறகு பிக்கட்டியில் ஒரு கிளாஸ் வைத்தார்கள், மண் சரிந்தால் என்ன செய்வது என்று. என்னை யாரும் கூப்பிடவில்லை. நானே பஸ் ஏறிப் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். பாடம் எடுத்தது ஒரு டாக்டரம்மா. எனக்குப் பேத்தி என்று ஒருத்தி இருந்திருந்தால் அந்த வயசு இருக்கும்.

"கல்லு, கட்டை மேல விழுந்து ரொம்ப நேரம் மாட்டிக்கிட்டவங்களுக்கு, வெளிய எடுக்கறதுக்கு முன்னாடியே டிரிப் ஆரம்பிச்சிடணும். இல்லேன்னா கிட்னி போயிடும்" என்றார் அந்த அம்மா.

எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. இவர்கள் இன்றைக்குப் படம் போட்டுக் காட்டுவதை நான் அந்தக் காலத்திலேயே செய்தவன். அக்கம்பக்கத்தில் இருந்தவர்களைத் திரும்பிப் பார்த்தேன். அதற்குள் அவர் அடுத்ததைச் சொன்னார்.

"ஆனா டிரிப்புக்காகத் தூக்கறதை நிறுத்தி வைக்கக் கூடாது. அது ஓட ஓடவே ஆளை எடுத்துடணும்."

நான் எழுந்து நின்றேன். "ஒரு மணி நேரம் ஓடவிட்டு அப்புறம் தூக்கினா என்னங்க தப்பு?"

"அந்த ஒரு மணி நேரத்துல மேல இருந்து இன்னொரு சரிவு வந்துட்டா என்னங்கய்யா பண்றது?"

மரியாதையாகத்தான் கேட்டார். நான் உட்கார்ந்துவிட்டேன். டீ கொடுக்கும் முன்பே எழுந்து வந்துவிட்டேன். அவர் கேட்டது என் வாழ்க்கையில் நடந்த ஒன்றை. அது அவருக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் எல்லாம் போய்விட்டார்கள், ஒருவனைத் தவிர.

நான் அன்னூர்ப் பக்கத்துக்காரன். அஞ்சாம் கிளாஸ் வரைக்கும்தான். பதினாறு வயசில் மலை ஏறி, எஸ்டேட் ஆஸ்பத்திரியில் தரை துடைக்கச் சேர்ந்தேன். பாட்டில் மேல் ஒட்டியிருக்கிற பேப்பரைப் பார்த்துப் பார்த்தே இங்கிலீஷ் எழுத்துப் படித்தேன். துடைக்கிறவன் கட்டுப் போடுகிறவன் ஆனான், கட்டுப் போடுகிறவன் ஊசி போடுகிறவன் ஆனான். முப்பது வயசில் ஐந்து கட்டில் ஆஸ்பத்திரி என் பொறுப்பில் இருந்தது. சர்ட்டிபிகேட் வைத்திருந்தவர்கள் எத்தனையோ பேர் நரம்பு கிடைக்காமல் என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். இதில் பொய் ஒரு வார்த்தை இல்லை.

எனக்கு மேல் இருந்தவர் மேஜரய்யா. ராணுவத்திலிருந்து வந்த டாக்டர், குடகுக்காரர். எங்கள் எஸ்டேட்டிலிருந்து நாலு மைல் தள்ளி, ஏழெட்டு எஸ்டேட்டுக்கும் சேர்த்து இருந்த பெரிய ஆஸ்பத்திரியில் இருப்பார். வாரத்தில் இரண்டு நாள் எங்களிடம் வருவார். வந்தால் நோயாளியின் முகத்தைப் பார்க்க மாட்டார். கட்டிலுக்கு அடியில் இருக்கும் பாத்திரத்தைத்தான் முதலில் பார்ப்பார். பார்த்துவிட்டு ஒரே கேள்வி: "எவ்வளவு?" நல்லா இருக்கான், பரவாயில்லை, தேவலை என்றெல்லாம் சொன்னால் காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டார். அளவு சொல்ல வேண்டும். அளக்கவில்லை என்றால் அன்றைக்கு முழுதும் நம்மோடு பேச மாட்டார்.

அவரிடம் நான் முதலில் பட்டது விறகு ஷெட் ராமன் விஷயத்தில். தேயிலை காய வைக்கிற அடுப்புக்கு மலை மாதிரி கட்டை அடுக்கியிருப்பார்கள். ஒரு நாள் காலையில் அது சரிந்து ராமனின் இரண்டு தொடை மேலும் விழுந்தது. அத்தனையையும் புரட்டி எடுக்க மத்தியானம் ஆகிவிட்டது. வெளியே எடுத்ததும் ராமன் டீ கேட்டான், பீடி கேட்டான். "என் பொண்டாட்டி இதைவிடக் கனமுங்க" என்று சொல்லி எல்லாரையும் சிரிக்க வைத்தான். நான் தொடையைத் தட்டிப் பார்த்தேன், எலும்பு முறியவில்லை. "ஒண்ணுமில்லப்பா, ரெண்டு நாள்ல வேலைக்குப் போயிருவே" என்று அத்தனை பேர் முன்னாலும் சொன்னேன்.

மறுநாள் தொடை இரண்டும் வாழைத்தண்டு மாதிரி வீங்கிப் பளபளத்தது. ஒண்ணுக்குக் கொஞ்சமாக, கறுப்பாகப் போனது. சூடு என்று நினைத்து பார்லித் தண்ணீர் கொடுத்தேன். மூன்றாம் நாள் சொட்டுக்கூட வரவில்லை. மேஜரய்யா வந்தார்.

"எவ்வளவு?"

"நல்லாத்தான் பேசறானுங்க ஐயா."

"பேச்சைக் கேக்கல. நேத்திலிருந்து மூத்திரம் எவ்வளவு?"

நான் அளக்கவே இல்லை. ராமனை ஜீப்பில் ஏற்றிக் கோயமுத்தூருக்கு அனுப்பினார். குன்னூர் தாண்டுவதற்குள் இதயம் நின்றுவிட்டது.

அன்றைக்கு என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் வராந்தாவில் கை கழுவிக்கொண்டே சொன்னார்: "கட்டை அவனைக் கொல்லல. கட்டையைத் தூக்கினதுதான் கொன்னுச்சு."

பிறகு விளக்கினார். நசுங்கின சதைக்குள் விஷம் ஊறுகிறது. மேலே பாரம் இருக்கும் வரைக்கும் அது அங்கேயே கட்டிக் கிடக்கும். பாரத்தை எடுத்ததும் ரத்தத்தோடு ஓடும். அதில் இருக்கிற ஒருவகை உப்பு இதயத்தைப் பிடிக்கும். அதற்குத் தப்பித்தாலும், சதையின் சாயம் கிட்னிக்குப் போய் அடைக்கும், குந்தா டேமில் மதகுக் கம்பி வலையில் சகதி அடைக்கிற மாதிரி.

"அடைச்சுட்டா என்னங்க பண்றது?"

"கோயமுத்தூர்ல ரத்தத்தைச் சுத்தம் பண்ற மெஷின் இருக்கு. மழைக்காலத்துல ரோடு போயிட்டா நீ எப்படிப் போவே? அதனால அடைக்கறதுக்கு முன்னாடியே தண்ணி விட்டு அலசு. அடுத்த தடவை தூக்கறதுக்கு முன்னாடி ரெண்டு பாட்டில் சலைன்."

சொன்னதோடு விடவில்லை அந்த மனுஷர். அடுத்த விசிட்டில் கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு, டிரெஸ்ஸிங் ரூம் மேஜைக்கு அடியில் போய் மல்லாந்து படுத்தார். மேஜையைச் சுற்றிக் கம்பளி தொங்கவிடச் சொன்னார். ஒரு கையை மட்டும் வெளியே என் பக்கம் நீட்டினார். "நான் கல்லுக்கு அடியில இருக்கேன். வெளிச்சம் கிடையாது. கண்ணை மூடிக்கிட்டு நரம்பைக் கண்டுபிடி." அத்தனை பெரிய டாக்டர் கையில் நான் கண்ணை மூடிக்கொண்டு குத்தினேன். மூன்று தடவை தப்பியது. கம்பளிக்கு உள்ளேயிருந்து "மறுபடி" என்பார், அவ்வளவுதான். நாலாவது தடவை ரத்தம் ஏறியது. எழுந்து வந்து கோட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டார். நான் பாஸ் பண்ணின பரீட்சை என்றால் அது ஒன்றுதான்.

இப்போது பழனிக்கு வருகிறேன்.

பழனி என் மனைவி சரசுவின் தம்பி. காரமடைப் பக்கம் அவர்களுக்கு ஊடு. அப்பா இல்லை, அம்மா மட்டும். எஸ்டேட் ஃபேக்டரியில் இலை அரைக்கிற ரூமில் வேலை வாங்கிக் கொடுத்தது நான்தான். துரையிடம் நேராகப் போய்க் கேட்டேன், துரை மறுக்கவில்லை. எங்களுக்குக் குழந்தை இல்லை. சரசுவுக்கு அவன்தான் தம்பி, பிள்ளை எல்லாம். தொழிலாளர் குடியிருப்பில் மூணாவது லைனில் தனியாக ஓர் அறையில் இருந்தான், மூன்று வேளையும் எங்கள் ஊட்டில் சாப்பாடு. "மச்சான், மச்சான்" என்று என் பின்னாலேயே சுற்றுவான். சிநேகிதன் என்று எனக்கு வாய்த்தது அவன் ஒருவன்தான். என் பேச்சைக் கேட்டு மற்றவர்கள் விலகிப் போவார்கள், அவன் மட்டும் "அப்புறம்?" என்பான்.

ஆடி மழை நாலு நாளாக விடவில்லை. காலையில் வெளுக்கிற நேரம், மூணாவது லைனுக்குப் பின்னால் இருந்த கல் கட்டுமானம் மண்ணோடு சரிந்தது. கடைசி அறையின் சமையல்கட்டில் வெந்நீர் வைத்துக்கொண்டிருந்த பழனி மேல் கூரைக் கட்டையும் கல்லும் விழுந்தன. எங்கள் குவார்ட்டர்ஸுக்கும் லைனுக்கும் நடுவில் இருந்த பாதையும் போய்விட்டது. தேயிலைச் செடிகளைப் பிடித்துக்கொண்டு சுற்றி வளைத்து நானும் சரசுவும் போய்ச் சேரும்போது மணி பத்து. அதாவது நாலு மணி நேரத்துக்கு மேல் அவன் இரண்டு தொடையும் கட்டைக்கு அடியில்.

நாங்கள் போன சமயம், கங்காணி முத்து தலைமையில் பத்துப் பேர் கடப்பாரையைக் கட்டைக்கு அடியில் கொடுத்துவிட்டு, "ஏலேலோ" சொல்லத் தயாராக நின்றார்கள்.

"நிறுத்துங்க!" என்று கத்தினேன். "ஊசி போடாமத் தூக்கக் கூடாது!"

முத்துக் கங்காணி திரும்பிப் பார்த்தார். "டிரெஸ்ஸரே, ஆஸ்பத்திரி உம்முது. லைன் எங்குளுது. கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

"மச்சினன் மேல என்ன கோவமோ!" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

"ஊசி போட்டுத்தான் எடுக்கோணுமாமா! பொணத்துக்கும் போட்டுத்தான் பொதைப்பாரு!" என்றான் இன்னொருத்தன். இரண்டு பேர் சிரித்தார்கள்.

இவர்களுக்கு விளக்கிச் சொல்ல நேரம் இல்லை. எனக்கு விளக்கவும் வராது, செய்யத்தான் வரும். பையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, கட்டைக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த இடுக்கில் குப்புறப் படுத்து உள்ளே நகர்ந்துவிட்டேன். இனி அவர்கள் கட்டையை அசைத்தால் அது என் முதுகில்தான் இறங்கும்.

"இப்ப தூக்குங்க பாக்கலாம்!" என்றேன் உள்ளேயிருந்து.

கெட்ட வார்த்தை நாலு கேட்டது. கடப்பாரை கீழே போடுகிற சத்தமும் கேட்டது.

பழனியின் முகம் என் முகத்துக்கு ஒரு முழத் தூரத்தில். "மச்சான், காலே தெரியலீங்க மச்சான். எடுக்கச் சொல்லுங்க" என்றான். "எடுக்கலாம் மாப்ள, கையைக் குடு" என்றேன். குளிரில் கை ஐஸ் மாதிரி இருந்தது, நரம்பு ஒன்றும் எழும்பவில்லை. யாரோ கொண்டுவந்த டீத் தண்ணியைச் சொம்போடு வாங்கி அவன் முழங்கை மடிப்பில் வைத்து ஒத்தினேன். கண்ணை மூடிக்கொண்டு தடவினேன். முதல் குத்திலேயே ரத்தம் ஏறியது. குழாயை வெளியே நீட்டி, "பாட்டிலைத் தூக்கிப் புடிக்க ஓர் ஆள் வேணும்" என்றேன். யாரும் வரவில்லை. சரசுதான் வந்து வாங்கினாள். அந்த மழையில், கையை உயர்த்தித் தம்பிக்கு ஏறுகிற பாட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஒரு பாட்டில் முடிந்து இரண்டாவது பாட்டில் பாதி வந்தது. முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும். அப்போதுதான் மேலே ஒரு சத்தம். பெரிய சரிவு இல்லை, இரண்டு கூடை மண்ணும் ஒரு கல்லும். ஆனால் கட்டை நாலு விரல் கீழே இறங்கியது. இடது கால் பக்கம். பழனி போட்ட சத்தத்தை எழுத எனக்குத் தெரியாது.

"ஏனுங்க, போதுமுங்க! தூக்கச் சொல்லுங்க!" என்றாள் சரசு.

நான் பாட்டிலைப் பார்த்தேன். "இன்னும் அரை பாட்டில் இருக்கு" என்றேன்.

மேஜரய்யா இரண்டு பாட்டில் என்றார். எனக்கு ஒன்றரை பாட்டில் தெரியாது. கால் மணி நேரம் போல ஆனது. சரசு அதற்குப் பிறகு வாயைத் திறக்கவில்லை, கையையும் இறக்கவில்லை. பாட்டில் காலியானதும் மூன்றாவது பாட்டிலை மாற்றிவிட்டு வெளியே நகர்ந்தேன். "இப்ப தூக்குங்க" என்றேன். தூக்கினார்கள்.

எடுத்த ஐந்தாவது நிமிஷம் பழனிக்கு நாடி தாறுமாறாகத் தடுக்கியது. விஷம் இறங்குகிறது என்று புரிந்தது. அதற்கென்று மேஜரய்யா சொல்லிவைத்திருந்த கால்சியம் ஊசியை மெதுவாக, மிக மெதுவாக ஏற்றினேன். நாடி திரும்பியது. ராமனுக்குக் கிடைக்காத வைத்தியம் பழனிக்குக் கிடைத்தது. இதை நான் நெஞ்சைத் தட்டிச் சொல்வேன்.

ஆனால் அவனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்தபோது பாதி வேலைதான் முடிந்திருந்தது. ஊட்டி ரோடு இரண்டு இடத்தில் போய்விட்டது. டெலிபோன் செத்துவிட்டது. கோயமுத்தூர் மெஷின் இருந்தும் இல்லாத கணக்குத்தான். பழனியின் கிட்னி அடைத்தால் அவன் செத்தான், அவ்வளவுதான். ஓர் ஆளிடம் சீட்டு எழுதி மேஜரய்யாவுக்கு நடையில் அனுப்பினேன். சாயங்காலம் பதில் சீட்டு வந்தது. அதை மனப்பாடமாக வைத்திருக்கிறேன்: "சலைன் மட்டும். லாக்டேட் பாட்டிலைத் தொடாதே, அதில் அந்த உப்பு இருக்கிறது. சோடா பைகார்ப் சேர். மூத்திர டியூப் போட்டு மணிக்கு ஒரு முறை அள. இருநூறு மில்லிக்குக் குறையக் கூடாது. பழம், இளநீர், ஜூஸ் வாயில் படக் கூடாது. எவ்வளவு?"

டியூப் போட்டதும் முதலில் வந்தது ஒரு அவுன்ஸ். டஸ்ட் டீயை மூன்று தடவை கொதிக்க வைத்து இறக்கின மாதிரி இருந்தது. அளவு சரி, நிறத்தை எப்படி அளப்பது? கரண்ட் இல்லை, அரிக்கன் விளக்கு வெளிச்சத்தில் கண்ணாடி பாட்டிலில் எல்லாம் ஒரே கறுப்பாகத் தெரிந்தது. அப்போதுதான் எனக்கு ஒரு யோசனை. படித்த டாக்டருக்குக்கூடத் தோன்றியிருக்காது. ஃபேக்டரியில் டீமேக்கர் தேயிலையை ருசி பார்க்க, வெள்ளைப் பீங்கான் கோப்பைகளை வரிசையாக வைத்துச் சாயத்தின் நிறத்தை ஒன்றோடு ஒன்று ஒப்பிடுவார். ஆளை விட்டு அந்தக் கோப்பைகள் அத்தனையையும் எடுத்துவரச் சொன்னேன். மணிக்கு ஒரு கோப்பையாக ஜன்னல் திட்டில் வரிசையாக வைத்தேன். வெள்ளைப் பீங்கானில் நிறம் பொய் சொல்லாது.

மறுநாள் காலையில் டீமேக்கர் வந்துவிட்டார். "யோவ், என் கப்பெல்லாம் எங்கய்யா?"

"அங்க ஜன்னல்ல இருக்குதுங்க. எது ஸ்ட்ராங்குன்னு பாத்துச் சொல்லுங்க."

குனிந்து பார்த்தார், மோந்தும் பார்த்துவிட்டார். அதற்கப்புறம் அந்தக் கோப்பைகளைத் திருப்பிக் கேட்கவே இல்லை.

இரண்டு ராத்திரி நான் கண்ணை மூடவில்லை. பாட்டில் மாற்றுவது, அளப்பது, கோப்பையில் ஊற்றுவது, எழுதுவது. டிகாக்ஷன் நிறம் மெல்லப் பாலில்லாத டீ நிறம் ஆனது, பிறகு இஞ்சி டீ நிறம் ஆனது. சலைன் தீரப் போகிற நேரத்தில் மேஜரய்யா பேண்ட்டை முழங்கால் வரை மடித்துக்கொண்டு, இரண்டு ஆள் தலையில் பெட்டியோடு நடந்தே வந்து சேர்ந்தார். உள்ளே நுழைந்ததும் கேட்டார், "எவ்வளவு?" மணி வாரியாக ஒப்பித்தேன். ஜன்னலைப் பார்த்தார். வரிசையின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் நடந்து பார்த்தார். என் தோளில் ஒரு தட்டுத் தட்டினார். நாற்பது வருஷ சர்வீஸில் எனக்குக் கிடைத்த மெடல் அது.

இடது காலைப் பார்த்துவிட்டு மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கால் கறுத்துக் குளிர்ந்திருந்தது. அவர் அடுத்த எஸ்டேட்டில் அடிபட்டவர்களைப் பார்க்கப் போய்விட்டார்.

அந்த மூன்றாம் நாள் காலையில்தான் அத்தை வந்தார். பழனியின் அம்மா. மலை இறங்கின ஆள் ஒருத்தன் மூலம் சேதி கிடைத்து, காரமடையிலிருந்து கெத்தை வரைக்கும் ஏதோ ஒரு லாரி, அங்கிருந்து சரிவுகளைத் தாண்டி மலை ஏறி நடை. காலெல்லாம் அட்டை கடித்து ரத்தம். தலையில் சாக்குப் பை, அதில் ஆறு இளநீர். மலையில் தென்னை கிடையாது. கீழே இருந்து சீக்காளியைப் பார்க்க வருகிறவர்கள் இளநீர் கொண்டு வராமல் வந்தால் அது வருகையே இல்லை. வெறுங்கையோடு வந்தால் சாவுக்கு வந்த மாதிரி.

நான் பின்பக்கம் ஊசியைக் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தேன். உள்ளே வந்து பார்த்தால், அத்தை ஒரு இளநீரைச் சீவி டம்ளரில் ஊற்றி, மகன் தலையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு வாயில் கொடுத்துக்கொண்டிருக்கிறார். சரசு பக்கத்தில் நிற்கிறாள். பழனி இரண்டு வாய் விழுங்கிவிட்டான்.

டம்ளரைத் தட்டிவிட்டேன். அது சுவரில் பட்டு உருண்டது.

"மாப்பிள்ளை!" என்றார் அத்தை.

"யாரைக் கேட்டுக் குடுத்தீங்க? இது என் ஆஸ்பத்திரி!"

சாக்கோடு மீதி ஐந்தையும் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனேன். ஒவ்வொன்றாக வெட்டி, அவர் கண்ணெதிரிலேயே சாக்கடையில் கவிழ்த்தேன். ஓரமாக எடுத்து வைத்திருக்கலாம். ஆனால் நான் அந்தப் பக்கம் திரும்பினால் மறுபடி கொடுத்துவிடுவார்கள் என்ற பயம். இரண்டு நாள் தூக்கம் இல்லாத மூளை. இதெல்லாம் உண்மைதான். ஆனால் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "அத்தை, இளநீர்ல ஒரு உப்பு இருக்குது. நல்ல ஆளுக்கு அது அமிர்தம், நசுங்கின உடம்புல அது நெஞ்சை நிறுத்திரும்." இவ்வளவுதான் விஷயம். மேஜரய்யா எனக்குச் சொன்னதை நான் அவருக்குச் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்தது மற்றவர்களுக்குத் தெரியாது என்பதில் எனக்கு ஒரு கெத்து இருந்தது.

அத்தை அழவில்லை. "மூணு நாளா என் பையன் வாயில தண்ணி ஊத்தாம வெச்சிருக்கறே. ஒரு மணி நேரம் கட்டைக்கு அடியில கெடத்தி வெச்சியாமா, லைனே சொல்லுது. என் கையால குடிச்சதையும் தட்டிவுட்டுட்டே. நீ மனுசனா?" அதுவரைக்கும் மரியாதை இல்லாமல் ஒரு வார்த்தை என்னிடம் பேசாதவர்.

பழனி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் டியூப் பாட்டிலைக் குனிந்து பார்த்தேன். அந்த மணிக்கு இருநூற்று எண்பது. எழுதினேன்.

ஐந்தாம் நாள் ரோடு திறந்தது. கோயமுத்தூரில் பழனியின் இடது காலை முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். கிட்னி ஜம்மென்று இருந்தது, மெஷின் பக்கமே போகத் தேவைப்படவில்லை. அங்கே இருந்த பெரிய டாக்டர், "இதை யார் செய்தது?" என்று கேட்டாராம். மேஜரய்யா, "என் டிரெஸ்ஸர்" என்றாராம். இதை மேஜரய்யாவே என்னிடம் சொன்னார். நான் கேட்டேன், "அந்தக் கால் மணி நேரத்துலதான் கால் போச்சுங்களா ஐயா?" அவர், "முதல் ரெண்டு மணி நேரத்துலயே போயிருக்கும்" என்றார். சொல்லும்போது என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். முகத்தையே பார்க்காத மனுஷர் அன்றைக்குப் பார்த்ததால், எனக்கு அந்தப் பதிலில் நம்பிக்கை வரவில்லை.

பழனி ஆஸ்பத்திரியிலிருந்து நேராகக் காரமடைக்குப் போனான். மலைக்கு வரவே இல்லை. ஒரு சைக்கிள் கடை வைத்தான், கல்யாணம் ஆனது, எனக்குப் பத்திரிகை சரசு பேரில் வந்தது. தீபாவளிக்கும் நோம்பிக்கும் சரசு மட்டும் கீழே போவாள். நான் குவார்ட்டர்ஸில் ரேடியோ கேட்டுக்கொண்டு சோறு பொங்கிக்கொள்வேன். வந்ததும் "எல்லாரும் சவுக்கியமா?" என்பேன். "ம்" என்பாள். அந்த அரை பாட்டிலைப் பற்றி அவள் ஒரு தடவை கேட்டிருந்தால் போதும். பதிலை முப்பது வருஷமாகத் தயாராக வைத்திருந்தேன். அவள் கேட்கவே இல்லை. அத்தை செத்ததற்குப் போனேன். என்னை யாரும் போ என்று சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை.

எனக்கப்புறம் அந்த வேலைக்கு வந்தவர்களிடம் எல்லாம் இரண்டு பாட்டில் கதையைச் சொல்லியிருக்கிறேன். கால் மணி நேரத்தைச் சொன்னதில்லை. இப்போதுதான் முதல் தடவை எழுதுகிறேன். அந்த டாக்டரம்மா சொன்னதுதான் சரி. ஊசி ஏறினதும், ஓட ஓடவே தூக்கியிருக்க வேண்டும். கட்டை இறங்கின பிறகாவது தூக்கியிருக்க வேண்டும். அப்படித் தூக்கியிருந்தால் கால் இருந்திருக்குமா என்பது எனக்குத் தெரியாது. உயிர் இருந்தது. அது என் கையால் இருந்தது. இதிலும் நான் இறங்கி வர மாட்டேன்.

போன தை மாதம் சரசு தவறிவிட்டாள். சொல்லி அனுப்பினேன். பொறந்த ஊட்டுக் கோடித் துணி வர வேண்டுமே. வருவான் என்று நினைக்கவில்லை, யாரிடமாவது கொடுத்து அனுப்புவான் என்றிருந்தேன். காலை பஸ்ஸில் பழனியே வந்தான். தலை முழுக்க வெள்ளை. அக்குளில் ஊன்றுகட்டை. அக்கா மேல் கோடியைப் போர்த்தினான், கொஞ்ச நேரம் கையை எடுக்காமல் நின்றான். என் பக்கம் திரும்பவில்லை. நான் அவன் முகத்தைப் பார்த்தேன், பிறகு இருக்கிற ஒரு காலின் கணுக்காலைப் பார்த்தேன். கிட்னி கெட்டால் அங்கேதான் நீர் கோக்கும். வீக்கம் இல்லை.

எல்லாம் முடிந்து மத்தியானம் மூன்று மணி பஸ்ஸுக்கு அவன் ரோட்டுக்கு இறங்கினான். வந்தவர்கள் கலைந்துவிட்டார்கள். நான் பத்தடி பின்னால் போய் நின்றேன். பஸ் வரவில்லை. அவன் ரோட்டோரம் தேயிலைச் சரிவைப் பார்த்தான். அந்தப் பக்கம் இரண்டு எட்டு வைத்தான். புல் ஈரம், கட்டை வழுக்கியது. நின்றான். சுற்றுமுற்றும் பார்த்தான், என்னைத் தவிர ஆள் இல்லை.

"கொஞ்சம் புடிங்க" என்றான். மச்சான் என்று சொல்லவில்லை.

கட்டையை வாங்கிக்கொண்டேன். மறு கையால் அவன் தோளைத் தாங்கிக்கொண்டேன். அவன் ஒற்றைக் காலில் நின்று வேட்டியை ஒதுக்கினான். வயசான ஆளுக்கு ஒண்ணுக்கு விட்டு விட்டுத்தான் வரும். அவனுக்கு அப்படி இல்லை, நன்றாகப் போனது, நீளமாகப் போனது. மரியாதைக்கு நான் வேறு பக்கம் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. தண்ணீர் மாதிரி தெளிவாக இருந்தது.

அவன் வேட்டியைச் சரிசெய்துகொண்டு கையை நீட்டினான். கட்டையைக் கொடுத்தேன். பஸ் வந்தது.